இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் போலந்து ரைஃபிள்கள்: சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போலந்து ரைஃபிள்கள் எல்லாம் ஜெர்மன் மவுசரின் நகல்தானே? இதில் சேகரிக்க என்ன இருக்கிறது?

பெரும்பாலானவை நகல்தான். அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த நகல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் கேள்வியே மாறிவிடும்.

1918 நவம்பரில் போலந்து மீண்டும் தனி நாடானபோது அதன் படையிடம் சொந்தத் துப்பாக்கி என்று ஒன்றுகூட இல்லை. நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த மூன்று பேரரசுகளும் விட்டுப்போனவைதான் கையில் இருந்தன: ஜெர்மனியின் மவுசர், ஆஸ்திரியாவின் மான்லிக்கர், ரஷ்யாவின் மோசின். பிரான்சில் திரட்டப்பட்ட ஜெனரல் ஹாலரின் படை வந்து சேர்ந்தபோது லெபெலும் பெர்த்தியேவும் கூடவே வந்தன. ஒவ்வொன்றுக்கும் தோட்டா வேறு. 1919-20இல் சோவியத் படையோடு போர் நடக்கும்போதும் இதே கதம்பம்தான். ஒரு பட்டாலியனுக்குப் போக வேண்டிய பெட்டி பக்கத்துப் பட்டாலியனுக்குப் போனால் இருவருக்குமே பயனில்லை.

ஆகவே 7.92 மி.மீ. மவுசர் தோட்டாதான் இனி எங்கும் என்று முடிவாயிற்று. டான்சிக் நகரத்தில் (இன்றைய க்டான்ஸ்க்) இருந்த பிரஷ்ய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் இயந்திரங்கள், போரில் வென்ற நேச நாடுகளின் முடிவுப்படி போலந்துக்குக் கிடைத்தன. அவற்றைக் கழற்றி வார்சாவுக்குக் கொண்டுவந்து அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையை அமைத்தார்கள். ஜெர்மன் துப்பாக்கியைச் செய்த அதே எந்திரங்கள் போலந்துக் கழுகு முத்திரையோடு துப்பாக்கி செய்யத் தொடங்கின. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்தக் கழுகுக்குத்தான்.

பெயர்களில் வரும் "வ்ஸூர்", "கே.பி.", "கே.பி.கே." எல்லாம் என்ன?

வ்ஸூர் என்றால் மாதிரி, அதாவது மாடல். பின்னால் வரும் எண் பெரும்பாலும் ஆண்டு. கே.பி. நீளமான ரைஃபிள், கே.பி.கே. குட்டையான கார்பைன். இவ்வளவு தெரிந்தால் ஏலப் பட்டியல்களை வாசித்துவிடலாம்.

முக்கியமான மாடல்கள் எவை?

முதலில் வார்சாவில் செய்த வ்ஸூர் 98 கார்பைன். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த கார் 98ஏ கார்பைனின் நகல். மெல்லிய குழல், சிறிய விட்டமுள்ள ரிசீவர் வளையம் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் உலோக உடல்தான் ரிசீவர்; குழல் திருகப்படும் அதன் முன்பகுதி வளையம்), முனைக்கருகே துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்துவதற்கான கொக்கி. வளையத்தின் மேல் கழுகும், பி.எஃப்.கே. வார்சாவா என்ற எழுத்தும், ஆண்டும் இருக்கும். கைக்கு அடக்கமானது, ஆனால் தோளில் நன்றாகவே உதைக்கும். இதே தொழிற்சாலை நீளமான வ்ஸூர் 98 ரைஃபிளையும் கொஞ்ச காலம் செய்தது. அது குறைவாகவே கண்ணில் படும்.

அடுத்தது ராடோம். வார்சாவுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டரில் உள்ள நகரம். 1920களின் நடுவில் அங்கே எழுந்த தொழிற்சாலைதான் எஃப்.பி. ராடோம். துப்பாக்கியோடு சைக்கிளும் செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உலகம் இந்த ஊரை அறிந்தது விஸ் கைத்துப்பாக்கியால். ரைஃபிள் ஆர்வலர்களுக்கு ராடோம் என்றால் வ்ஸூர் 29.

வ்ஸூர் 29 கார்பைன் 1930 வாக்கில் உற்பத்திக்கு வந்து 1939 வரை ஓடியது. மொத்த நீளம் 110 செ.மீ., குழல் 60 செ.மீ., எடை நான்கு கிலோவை ஒட்டி. பழைய கார்பைனின் மெல்லிய குழலுக்கும் சிறிய வளையத்துக்கும் விடை கொடுத்துவிட்டு, முழு அளவு ரிசீவரோடு செய்யப்பட்டது. காலாட்படைக்குப் போனதில் போல்ட் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைப்படைக்குப் போனதில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வேலைப்பாட்டில் அந்தக் காலத்துச் செக் மவுசருக்கு இது எந்த விதத்திலும் சளைத்ததல்ல என்பது என் எண்ணம். முப்பதுகளின் நடுவில் வந்த ராடோம் போல்ட்டை இழுத்துப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

பிறகு வ்ஸூர் 98ஏ. இது ஒரு வேடிக்கை. எல்லா நாடுகளும் குழலைக் குறுக்கிக்கொண்டிருந்தபோது, 1936இல் ராடோம் மறுபடியும் 74 செ.மீ. குழலுள்ள நீள ரைஃபிளைச் செய்யத் தொடங்கியது. பழைய ஜெர்மன் ரைஃபிளின் வடிவம்தான், ஆனால் பின்சைட் (குறிபார்க்கும் பின்பகுதி) மட்டும் எளிய புதிய வகை. மூன்று ஆண்டு உற்பத்திதான். வ்ஸூர் 29ஐ ஒப்பிட்டால் இதன் எண்ணிக்கை மிகச் சிறிது. நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் போட்டி கடுமையாக இருக்கும்.

வ்ஸூர் 29 இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதாமே? அப்புறம் எப்படி அரிய பொருள் ஆகும்?

எத்தனை செய்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால் அரிய பொருள் அல்ல. அவற்றுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க வேண்டும்.

1939 செப்டம்பர் 1இல் மேற்கிலிருந்து ஜெர்மனி, 17ஆம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் யூனியன். அடுத்த சில வாரங்களில் அந்தத் துப்பாக்கிகள் நாலா திசையிலும் சிதறின. ஒரு பகுதி ஜெர்மானியர் கையில். ஒரு பகுதி செஞ்சேனையின் கையில். ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் எல்லை தாண்டிய படைகளிடம் இருந்ததை அந்த நாடுகள் வாங்கி வைத்துக்கொண்டன. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று வீரர்களே போல்ட்டைக் கழற்றி ஆற்றில் எறிந்தவையும், எண்ணெய்த் துணி சுற்றிக் காட்டில் புதைத்தவையும் உண்டு. புதைத்தவற்றில் சில பின்னால் தலைமறைவுப் படைக்குப் பயன்பட்டன. பல அங்கேயே துருவாகிப் போயின.

இதற்கும் முன்பே ஒரு கிளை பிரிந்துவிட்டது. செபெவே என்ற ஆயுத ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாக, ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது குடியரசுத் தரப்புக்குப் போலந்து ஆயுதம் விற்றது. வெளியில் தலையிடாக் கொள்கை, உள்ளே வேறு நாட்டுப் பெயரில் காகிதம். அப்படிப் போனவை ஸ்பெயின் பட்டறைகளில் பாகம் மாறி, மரக்கட்டை மாறி, கடைசியில் உபரிச் சரக்காகக் கடல் தாண்டின.

ஆக, செய்தபோது இருந்த அதே குழல், அதே போல்ட், அதே கட்டை, ஒரே எண்ணோடு இன்றும் சேர்ந்திருக்கும் வ்ஸூர் 29தான் அரிது. "ஒரு போலந்து மவுசர்" கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

வாங்கும் முன் எதை முதலில் பார்ப்பது?

ரிசீவர் வளையத்தை. மற்றதெல்லாம் பிறகு.

வளையத்தின் மேல் ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவு சீராக ஓடினால் நல்லது. நடுவில் ஒரு தட்டையான பகுதி தெரிந்தால், அங்கே யாரோ அரம் போட்டு முத்திரையைச் சுரண்டியிருக்கிறார்கள். துப்பாக்கியை விற்ற நாடு தன் அடையாளத்தை அழித்துவிட்டு அனுப்புவது அக்காலத்தில் சாதாரணம். சுரண்டப்பட்ட துப்பாக்கி போலியல்ல, அதற்குரிய விலையில் வாங்கலாம். சுரண்டிய இடத்தில் இப்போது புதிதாகக் கழுகு பறந்துகொண்டிருந்தால்தான் ஆபத்து.

புதிய கழுகைக் கண்டுபிடிக்க பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். தொழிற்சாலையில் உளிமுத்திரையால் அடித்தபோது உலோகம் ஒதுங்கி விளிம்பில் லேசாகப் புடைத்திருக்கும். எண்பது தொண்ணூறு வருடக் கைப்பழக்கத்தில் அந்தப் புடைப்பு தேய்ந்து உருண்டிருக்கும். இறகுகளின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். லேசரால் வெட்டியதில் பள்ளத்தின் அடிப்பகுதி எங்கும் ஒரே மட்டம், விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. மேற்பூச்சும் ஒரு சாட்சி: பள்ளத்துக்குள் இருக்கும் நிறமும் சுற்றியுள்ள நிறமும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும்.

அதன் பிறகு எண்கள். ரிசீவர், குழல், போல்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா? இருந்தாலும் எழுத்தின் அளவும் சாய்வும் ஒன்றா? போல்ட்டில் மட்டும் எண் பெரிதாக, ஆழமாக, நேர்கோட்டில் நிற்காமல் இருந்தால் பின்னால் யாரோ அடித்தது. விற்பவர் "எல்லா எண்ணும் பொருந்தும்" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். போல்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் படம் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஜெர்மன் முத்திரைகளும் இருந்தால் மதிப்பு குறையுமா?

அது யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. 1939க்கு முந்தைய நிலையில் வேண்டும் என்பவருக்கு ஜெர்மன் ஆய்வு முத்திரை ஒரு குறை. இரண்டாம் உலகப் போர்ப் பொருள் சேர்ப்பவருக்கு அதுவே கூடுதல் மதிப்பு. என்னைக் கேட்டால், போலந்துக் கழுகும் கைப்பற்றியவனின் முத்திரையும் அருகருகே இருக்கும் துப்பாக்கியில்தான் முழுக் கதை இருக்கிறது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் ராடோம் தொழிற்சாலை ஓய்ந்துவிடவில்லை. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனத்தின் பொறுப்பில் ஜெர்மானியருக்காக வேலை செய்தது. அங்கிருந்து விஸ் கைத்துப்பாக்கிகளைத் தலைமறைவுப் படைக்குக் கடத்தியது கண்டுபிடிக்கப்பட்டு, 1942 அக்டோபரில் ஐம்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். ராடோம் முத்திரையுள்ள எதையும் கையில் எடுக்கும் போலந்துக்காரர் இதை நினைக்காமல் இருக்கமாட்டார்.

மோசின் மாதிரி தோற்றம், மவுசர் பயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) மாட்டும் முனை. இது என்ன கலவை?

நீங்கள் பார்த்தது வ்ஸூர் 91/98. ரஷ்ய மோசின் ரைஃபிள்கள் நாட்டில் குவிந்து கிடந்தன. தூக்கி எறிய மனமில்லை, அவற்றின் தோட்டாவோ வேண்டாம். எனவே 1920களின் நடுவில் குழலை 60 செ.மீ.க்குச் சுருக்கி, 7.92 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மேகசினையும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) போல்ட்டையும் திருத்தி, மவுசர் பயனெட் மாட்ட வழிசெய்தார்கள். ல்வூஃப் நகரத்து (இன்று உக்ரைனின் லிவிவ்) ஆர்மா பட்டறை இதில் முக்கியமானது. 91/98/23, 91/98/25, 91/98/26 என்று மூன்று படிகள். எல்லாம் சேர்த்து 77,000 அளவில் மாற்றப்பட்டன.

மோசினின் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, மவுசர் தோட்டாவுக்குக் கிடையாது. அந்த ஒரு வித்தியாசத்துக்காக மேகசினிலிருந்து தோட்டா மேலேறும் விதம், போல்ட் முகம், காலித் தோட்டாவை வெளியே தள்ளும் பாகம் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருந்தது. முதல் படியில் சரியாக வராததை மூன்றாவதில் சரிசெய்தார்கள்.

சேகரிப்பவருக்கு இதில் இன்னொரு ருசி உண்டு. அடித்தளம் எங்கே பிறந்தது என்று தேடலாம். ரஷ்யாவின் தூலா, இஷெவ்ஸ்க். ரஷ்யாவுக்காகச் செய்த பிரான்சின் ஷாத்தெல்ரோ. அமெரிக்காவின் ரெமிங்டன், வெஸ்டிங்ஹவுஸ். அமெரிக்காவில் செய்து, ஜாருக்கு அனுப்பி, ல்வூஃபில் அறுத்து, ஜெர்மன் தோட்டா ஏற்ற துப்பாக்கி என்றால் கேட்பவர் சிரிப்பார். உள்ளதைச் சொல்லுங்கள்.

சாதாரண மோசினை அறுத்துவிட்டு "அரிய போலந்து கார்பைன்" என்று விற்பவர்களும் உண்டு. குழல் துளையை அளந்தாலே பொய் வெளிப்பட்டுவிடும்.

மரோஷெக் ரைஃபிள் ஒன்றை வாங்க முடியுமா?

வாய்ப்பு மிகமிகக் குறைவு. யூசெஃப் மரோஷெக் வடிவமைத்த வ்ஸூர் 38எம், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிள். வாயு அழுத்தத்தால் இயங்கும். பத்துத் தோட்டா கொள்ளும் நிலையான மேகசின். மவுசர் கிளிப்பால் (தோட்டாக்களைக் கோத்து வைக்கும் உலோகப் பட்டை) மேலிருந்து நிரப்ப வேண்டும். போர் வெடிப்பதற்குள் 150 வாக்கில்தான் செய்ய முடிந்தது. இன்று உலகில் இருப்பதாகத் தெரிந்தவை கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றின் எண்கள் ஒவ்வொன்றும் ஆய்வாளர்களுக்கு மனப்பாடம், ஆகவே "தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது" என்று ஒருவர் வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். உண்மையாக இருந்தால் அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

"உர்" என்று ஒரு ராட்சதத் துப்பாக்கி இருந்ததாமே?

அதே மரோஷெக்கின் இன்னொரு படைப்பு. டாங்கியைத் துளைக்கும் வ்ஸூர் 35. நீளம் 176 செ.மீ., அதில் குழல் மட்டும் 120 செ.மீ. பலரும் நினைப்பது போல இதன் குண்டு பெரியதல்ல. சாதாரண ரைஃபிளுக்குள்ள அதே 7.92 மி.மீ.தான். தோட்டாக் கூடுதான் நீளம்: 107 மி.மீ. உள்ளே திணித்த மருந்தின் வேகத்தில் குண்டு நொடிக்கு 1,200 மீட்டருக்கும் மேல் பாயும். குண்டுக்குள் கடின உருக்குக்கூட இல்லை, ஈயம்தான். அந்த வேகத்தில் கவசத்தில் மோதி ஈயம் நசுங்கினாலும், கவசத்திலிருந்து ஒரு துண்டை வட்டமாகப் பெயர்த்து உள்ளே எறிந்துவிடும். 1939இல் வந்த ஜெர்மன் டாங்கிகளில் பெரும்பாலானவற்றின் கவசத்துக்கு இது போதுமானதாக இருந்தது. இவ்வளவு வேகத்துக்கு விலை உண்டு. குழல் சில நூறு குண்டுகளிலேயே தேய்ந்துவிடும்.

ரகசியம் காக்க அவர்கள் செய்தது பிரசித்தம். உருகுவே நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் துப்பாக்கி என்று கதை கட்டினார்கள், உர் என்ற பெயர் அதனால்தான். படைப்பிரிவுகளுக்குப் போன பெட்டிகளில் இது ஏதோ கருவி என்றும் திறக்கக் கூடாது என்றும் எழுதி முத்திரை வைத்தார்கள். போருக்கு ஆள் திரட்டும் உத்தரவு வந்த பிறகே பெட்டி திறந்தது. பல வீரர்கள் அந்தத் துப்பாக்கியை முதன்முதலில் பார்த்ததே அப்போதுதான். கைப்பற்றிய ஜெர்மானியர்கள் தாங்கள் பயன்படுத்தியது போக, ஒரு பகுதியை இத்தாலிக்குக் கொடுத்தார்கள்.

அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு ஒரு சின்னச் சலுகை: அரை அங்குலத்துக்கு மேல் துளையுள்ள ராணுவத் துப்பாக்கி அங்கே தனிக் கட்டுப்பாட்டுக்குள் வரும். பிரிட்டனின் பாய்ஸ் டாங்கி எதிர்ப்பு ரைஃபிள் அதில் மாட்டிக்கொள்ளும், உர் மாட்டாது.

போலந்திலேயே வாங்கலாமா?

உரிமம் இருந்தால். அங்குள்ள ஆயுதச் சட்டம் 1999இல் வந்தது. 2011 திருத்தத்துக்குப் பின் சேகரிப்புக்கென்று தனி உரிமம் பெறுவது தெளிவானது. ஆயுதச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினராக வேண்டும், போலீஸ் நடத்தும் தேர்வில் தேற வேண்டும், மருத்துவ, உளவியல் சான்றிதழ் வேண்டும். 1885க்கு முன் செய்த, மருந்தையும் குண்டையும் தனித்தனியாக நிரப்பும் துப்பாக்கிகளுக்குத்தான் உரிமம் தேவையில்லை. இங்கே பேசுபவை ஒன்றும் அதில் சேராது.

காட்டில் உலோகக் கருவியோடு தோண்டி எடுப்பது பற்றிச் சிலர் ஆசையாகக் கேட்பார்கள். அனுமதியின்றிப் பழம்பொருள் தேடுவது அங்கே குற்றம். மண்ணில் கிடைத்த துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னும் பெரிய குற்றம். கூடவே வெடிக்காத எறிகுண்டும் கிடைக்கும் என்பதைச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அமெரிக்காவில்?

ஐம்பது வருடம் கடந்த துப்பாக்கிகள் அங்கே அரும்பொருள் வகைக்குள் வரும். அதற்கென்று மூன்றாண்டுச் சேகரிப்பாளர் உரிமம் உண்டு, கட்டணம் 30 டாலர். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. 1968 சட்டம் ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது. எண்பதுகளின் நடுவில்தான் மீண்டும் வழி திறந்தது. அதன்பின் வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பு இல்லாத போலந்து மவுசர் என்றால் 1968க்கு முன்பு வந்திருக்கலாம், அல்லது போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாயின் பையில் வந்திருக்கலாம். விலை அதற்கேற்ப ஏறும்.

செயலிழக்கச் செய்தவற்றை வாங்கினால் போதாதா?

ஐரோப்பாவில் பலருக்கு அதுதான் வழி. ஆனால் 2016 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே கடும் விதி. போல்ட்டும் குழலும் நகராதபடி வெல்டிங் செய்துவிடுகிறார்கள். ஒரு வ்ஸூர் 98ஏவுக்கு இதைச் செய்வதை என்னால் சகிக்க முடியவில்லை. அதற்கு முன்பு மென்மையாகச் செயலிழக்கச் செய்த பழையவற்றுக்கு ஆர்வம் இருக்கிறது, ஆனால் அவற்றை விற்கவும் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் புதிய விதிப்படி மறுபடி செய்யச் சொல்வார்கள். வாங்கும் முன் கேளுங்கள்.

சுட்டுப் பார்க்கலாமா?

துப்பாக்கித் தொழில்நுட்பர் ஒருவர் போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளந்து சொன்ன பிறகு. எண் பொருந்தாத போல்ட் உள்ளதில் இது கட்டாயம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் 8 மி.மீ. மவுசர் தோட்டாக்கள் துளை சற்றுச் சிறிதான பழைய குழல்களை மனதில் வைத்து அழுத்தம் குறைவாக இருக்கும்படி நிரப்பப்பட்டவை; அவை போதும். பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றைக்கே குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து எண்ணெய் இடுங்கள். அதன் பற்றவைப்பு மருந்து விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் குழலை அரித்துவிடும். வெறும் எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது.

91/98 வகையை நான் சுவரிலேயே விட்டுவிடுவேன்.

மரக்கட்டை கறுத்துக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. கட்டையில் உள்ள ஆய்வு முத்திரைகள் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஒருமுறை தேய்த்தால் போனது போனதுதான். மெல்லிய துணியில் தர்ப்பென்டைன் தொட்டு அழுக்கை மட்டும் எடுங்கள், பிறகு ஆளிவிதை எண்ணெய் சில துளி. உலோகத்தில் துரு இருந்தால் எண்ணெயும் செப்புச் சுரண்டியும் போதும். புதிதாக நீலப்பூச்சு ஏற்றிய துப்பாக்கியை விட, சிராய்ப்போடு எண் பொருந்தும் துப்பாக்கிக்கே அதிக விலை.

பட்ஜெட் குறைவு. எங்கே தொடங்குவது?

பயனெட்டில். கழுகும், போலந்துப் படையைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் அடித்த பயனெட்டுகள் ராடோமிலும் வார்சாவின் பெர்குன் பட்டறையிலும் செய்யப்பட்டவை கிடைக்கின்றன. பல நாடுகளில் துப்பாக்கி உரிமமும் தேவைப்படாது. முத்திரைகளைப் படித்துப் பழகக் குறைந்த செலவில் இதைவிட நல்ல வழியில்லை. பயனெட்டின் எண்ணும் உறையின் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் பொருந்தாது, பொருந்தினால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

வார்சாவின் போலந்து ராணுவ அருங்காட்சியகம். பல ஆண்டுகள் நகர நடுவில் இருந்தது, இப்போது சிட்டடல் கோட்டைக்குள் புதிய கட்டிடத்தில். காட்சி அரங்குகள் படிப்படியாகத் திறப்பதால் போகும் முன் எவை திறந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் ரயிலேறித் தெற்கே ஸ்கார்ஜிஸ்கோ-கமியென்னா போங்கள். போருக்கு முன் அரசுத் தோட்டாத் தொழிற்சாலை இருந்த ஊர் அது. அங்குள்ள வெள்ளைக் கழுகு அருங்காட்சியகத்தில் கூட்டம் குறைவு, கண்ணாடிப் பெட்டியருகே நிதானமாக நின்று முத்திரைகளைப் பார்க்கலாம்.